நேபாளத்துக்கு ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கல்யாணமாகி, கைக்குழந்தையோடு நேபாளத்துக்குப் புறப்படும் பிள்ளைகள் இப்போதும் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். என்ன சாமான் எடுத்துப்போக வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பால்பா மலையில், தான்சேன் ஊரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள். அங்கே மனிதர்களோடு எப்படி வாழ்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. இந்தியருக்கு விசா வேண்டாம். கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கி, சுனௌலியில் எல்லையைத் தாண்டினால் நேபாளம். அதனாலேயே நம் ஆட்கள் அதை ஒரு மாநிலம் மாதிரிப் பேசிவிடுகிறார்கள். அது தனி நாடு. அந்தப் பெருமையோடு வாழும் ஜனங்கள். 'எங்கள் இந்தியாவில்' என்று தொடங்கும் பேச்சை எல்லையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

2. உங்களுக்கு முன்னால் போனவர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். பறவைகளைத் தேடி தான்சேனுக்கு வந்த ராபர்ட் ஃப்ளெமிங், அங்கே வைத்தியத்துக்கு வழியில்லாமல் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தார். அதன் தொடர்ச்சியாகப் பல மிஷன்கள் சேர்ந்து 1954இல் நாக்பூரில் ஐக்கிய நேபாள மிஷனைத் தொடங்கின. நேபாள அரசாங்கம் கேட்டது ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும். மதம் மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே சபையைக் கட்டியவர்கள் நேபாளிகள்தான். 1960இல் ஞானஸ்நானம் கொடுத்ததற்காகவும் எடுத்ததற்காகவும் தான்சேனில் சிறைக்குப் போனவர்கள் அவர்கள். 1990இல் ஜனநாயகம் வரும்வரை அந்தப் பயம் தீரவில்லை. அப்படிப்பட்ட சபைக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விட்டு, பாயில் உட்கார்ந்து, மாதல் மேளத்தின் தாளத்துக்குக் கை தட்டிப் பாடுங்கள். பிரசங்க மேடை கொடுத்தாலும் முதல் சில வருஷம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. ஆராதனை சனிக்கிழமை. அங்கே அது வார விடுமுறை நாள். நாங்கள் இருந்த காலத்தில் ஞாயிறு எல்லாரும் வேலைக்குப் போவார்கள். நம் ஞாயிற்றுக்கிழமையை அங்கேயும் தேடி, தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கூடிப் பாடிக்கொண்டிருந்தால் சபை உங்களுக்கு அந்நியமாகவே இருக்கும். 2015 ஏப்ரல் 25 பூகம்பம் வந்தது ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். ஆராதனையில் இருந்தபடியே இறந்தவர்கள் உண்டு. அந்தச் சபைகளில் துக்கமும் சனிக்கிழமையும் சேர்ந்தே இருக்கும். கூட உட்கார்ந்திருக்காதவர்களுக்கு அது புரியாது.

4. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகிறீர்கள். வாங்கப் பழகுங்கள். மூத்தவனுக்கு டைபாய்டு வந்தபோது என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. கீழ்வீட்டு தீதி (அக்கா) தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தார். கேட்கவே இல்லை. என் அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சி மாதிரி ஜாவுலோ காய்ச்சி, ஊதி ஊதிக் கரண்டியில் ஊட்டினார். விடிந்ததும், நனைந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் நர்ஸ், காய்ச்சல் அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். என்னைத் தாங்கியவர் அவர். அதன் பிறகுதான் அவர் தன் வீட்டுக் கஷ்டத்தை என்னிடம் பேசினார். தசைன் பண்டிகையில் பெரியவர்கள் கையால் நெற்றியில் டீகா வாங்க மறுத்ததற்காகப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டதை, அடுப்பங்கரையில் குந்தியிருந்துதான் சொன்னார். உதவி செய்கிறவர்களாக மட்டுமே நாங்கள் இருந்திருந்தால் அந்தக் கதை என் காதுக்கு வந்திருக்காது.

நம் வெள்ளாளன்விளை அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் முன்னால் நின்று, உங்கள் தியாகம் பெரிது, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். அன்றைக்கு அனுப்பியவர்கள் அவர்கள், வாங்கியவர்கள் நாம். இன்றைக்கு அனுப்புகிறவர்கள் நாம். அந்த வேண்டுகோள் இப்போது உங்கள் வாசலில் நிற்கிறது. காலை பத்து மணிக்கு தால் பாத் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். குந்த்ருக் குழம்பின் புளிப்பு முதலில் ஒத்துக்கொள்ளாது; சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்கும் கூப்பிடுங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது, கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டும். அந்த வேடிக்கையைப் பார்க்கவே அக்கம்பக்கம் வரும்.

5. மனைவிக்கென்று ஒரு வேலை இருக்கட்டும், சம்பளம் இல்லாவிட்டாலும். கணவன் ஊழியத்துக்கும் மனைவி சமையலுக்கும் என்று போன குடும்பங்கள் சீக்கிரம் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

6. பிள்ளைகள் உங்களைவிட வேகமாக நேபாளி ஆகிவிடுவார்கள். ஆகட்டும். வீட்டில் தமிழ் பேசுங்கள், இரவு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாத்தா பாட்டியோடு பேச மொழியில்லாமல் போகும். விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டி வந்தால், அந்த முடிவை ஊழியத்தின் பேரில் நியாயப்படுத்தாமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுங்கள். விடுப்பில் ஊருக்கு வரும்போது டாக்கா தொப்பி போட்டு மேடையில் நிறுத்தி, நேபாளிப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு சிநேகிதனின் தொப்பி அது. காட்சிக்கு வைத்தால் பிள்ளைக்கு மனசு கூசும், எனக்குமே கூசியிருக்கிறது.

7. ஆதரவாளருக்கு எழுதும் ஜெபக் கடிதத்தில் விசுவாசிகளின் பெயர், படம், ஊர் வேண்டாம். 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மதம் மாற்றியதாக ஒருவர்மேல் குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம்வரை சிறை. இங்கே சபையில் அல்லேலூயா சொல்லி வாசிக்கும் கடிதம் வாட்ஸ்அப்பில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எழுதிய பிறகு ஒன்று செய்யுங்கள்: யாரைப்பற்றி எழுதினீர்களோ அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவருக்கே அதை வாசித்துக்காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

8. பணம் கொடுக்க நேர்ந்தால் சபை மூப்பர் வழியாகக் கொடுங்கள்.

9. திரும்பும் நாள் வரும். மூன்று மாதம் முன்னதாகவே சபைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப்போய் விடை சொல்ல வையுங்கள். கடைசி வாரத்தில் சாமான்களை விலைக்கு விற்காதீர்கள். குக்கரும் போர்வையும் யாருக்கு என்று முன்பே யோசித்து வையுங்கள். ஊருக்கு வந்த பிறகு, ஊழியம் முடிந்தது என்று உறவை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் போன் போடுங்கள். உங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புங்கள், டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள். அவர்கள் வந்தால் நம் வீட்டுப் பந்தியில் முன் வரிசையில் உட்கார வைத்து, நீங்களே பரிமாறுங்கள்.