கடைசி ஸ்டாண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கல்லூரி சிம்பொனியில் இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டு கிடைத்தது என்று அக்கா போனில் சொன்னாள். உனக்கு மனசே இல்லையாம். "நடத்துகிறவர் குச்சியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார், அவர் கையிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை, அவருக்கு எதற்கு இத்தனை மரியாதை?" என்றும் கேட்டாயாம். நியாயமான கேள்விதான். கோடம்பாக்கத்தில் முதல்முறை வயலினோடு போய் உட்கார்ந்த அன்று நானும் இதையேதான் நினைத்தேன்.

கால் கட்டைவிரலில் தாளம் போடுகிறாயே, அதை முதலில் விடு. நம் கச்சேரியில் தாளம் எல்லாரிடமும் இருக்கிறது, முன்வரிசை மாமாவின் தொடையில்கூட. நாலைந்து பேர் நெருங்கி உட்காருவதால் அது சரிப்படுகிறது. உங்கள் மேடையில் எழுபது எண்பது பேர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். உனக்கும் எதிர்மூலை டிரம்பெட்டுக்கும் இடையில் 17 மீட்டர் இருந்தால், அவன் ஊதியது உன் காதுக்கு வர நொடியில் 20-ல் ஒரு பங்கு ஆகிவிடும். அதைக் கேட்டுவிட்டு நீ வில்லைப் போட்டால் துரித காலத்தில் அப்பட்டமாகப் பிசிறடிக்கும். சுருதிக்குக் காது, காலத்துக்குக் கண். குச்சி அதற்குத்தான்.

குச்சி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்காதே, ஏறுவதைப் பார். எடுப்பு அங்கேதான் இருக்கிறது. எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதுதான் காலப்பிரமாணம். எவ்வளவு பெரிதாக வீசுகிறாரோ அவ்வளவு சத்தம். கூடவே அவர் மூச்சை இழுப்பார், ஊதுகிறவர்களும் இழுப்பார்கள். நீயும் இழு. நான்கு எண்ணிக்கை என்றால் வலது கை கீழே, அவருக்கு இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று போகும். இடது கைக்கு வேறு வேலை: யார் அடங்கணும், யார் தெரியணும் என்று சொல்வது.

அந்த இடது கையின் அருமை எனக்கு ஒரு தப்பால் தெரிந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலம். எனக்கு 24 பார் ஓய்வு. நான் 23-லேயே உள்ளே வந்துவிட்டேன், தன்னந்தனியாக. நாற்பது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. நடத்தியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த டேக்கில் 22-வது பாரில் என் பக்கம் திரும்பி உள்ளங்கையைக் காட்டி நிறுத்தியே வைத்திருந்தார். 24 முடிந்ததும் விரலை விரித்தார், வந்தேன். குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது.

கல்லூரிக் குழுவை நடத்துவது இதைவிடச் சிரமம். ஹார்வர்டில் 1808-ல் மாணவர்கள் பியரியன் சொடாலிட்டி என்று ஓர் இசைச் சங்கம் தொடங்கினார்கள். 1832-ல் அது தேய்ந்து ஒரே ஓர் ஆள்தான் மிஞ்சினார். அவர் கலைத்துவிடவில்லை, தனியாகவே கூட்டம் நடத்திப் புது உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டார். (யார் முன்மொழிந்து யார் வழிமொழிந்தாரோ!) 1942-ல் ராட்கிளிஃப் மாணவிகளும் சேர, அது ஹார்வர்ட்-ராட்கிளிஃப் ஆர்கெஸ்ட்ரா ஆயிற்று. 1964 முதல் 2009 வரை அதை நடத்தியவர் ஜேம்ஸ் யானடோஸ். தானே சிம்பொனிகள் எழுதியவர். 45 வருஷம்! நாலு வருஷத்தில் குழுவே அடியோடு மாறிவிடும். பதினோரு தடவை புதிதாகக் கட்டியதற்குச் சமம். அதுவும் நாளைக்கு டாக்டராகவோ வக்கீலாகவோ போகிற பிள்ளைகளை வைத்து. நன்றாகப் பழகிய கை ஒவ்வொரு வருஷமும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும்; ஒன்றாக மூச்சிழுப்பதை அவர் மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

சரி, உன் ஸ்டாண்டுக்கு வருவோம். ஸ்டாண்டைப் பகிரும் இருவரில் நீ உள்பக்கம் என்றால் நோட்ஸ் புரட்டுவது உன் வேலை. கீழ்மூலையை முன்கூட்டியே லேசாக மடித்து வை. கடைசி இரண்டு பாரில் வில்லை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் புரட்டு. பக்கத்திலிருப்பவள் நிறுத்தாமல் வாசிப்பாள். கடைசி ஸ்டாண்டு என்று அசட்டையாக இருக்காதே. முன்னால் இருப்பவர்கள் முதுகைப் பார்த்து வாசித்தால் நீ எப்போதும் பிந்துவாய். தலைகளுக்கு நடுவே நடத்துகிறவர் கை தெரிகிற மாதிரி நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போடு.

ஒத்திகைக்கு இரண்டு பென்சில் கொண்டுபோ. பேனா வேண்டாம். வில் மேலா கீழா என்று இன்றைக்கு ஒன்று சொல்வார், வியாழக்கிழமை மாற்றுவார்.

அன்புடன்,
மாமா