புள்ளி அழுக்கல்ல



தம்பி, போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் எழுந்து புறப்படும்போது நீ கேட்டாய்: “தாத்தாவின் இதழ்களை ஸ்கேன் செய்த பக்கத்தில் இருக்கிற பொட்டையெல்லாம் ஒரே கட்டளையில் துடைத்துவிடலாமே, ஐயா?” துடைக்கலாம்தான். எதைத் துடைக்கிறோம் என்று பாராமல் துடைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

நீ சொன்ன பிபிஎம்கிளீன், நெட்பிபிஎம் தொகுப்பில் உள்ள கருவி. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியுள்ள எட்டில் எத்தனை அதே நிறம் என்று எண்ணும். நீ கொடுத்த எண்ணுக்குக் குறைந்தால் அதன் நிறத்தை மாற்றும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் 1. அப்போது முற்றிலும் தனித்து நிற்பவை மட்டுமே போகும், ஆபத்தில்லை. நீயோ 4 கொடுத்து மூன்று முறை ஓட்டியதாகச் சொன்னாய்.

மூன்றுக்கு மூன்று பிக்சல் கரும்பொட்டு ஒன்றைத் தாளில் வரைந்து பார். மூலைகளுக்கு மூன்றே துணை, ஆகவே முதல் சுற்றில் அவை போகும். மிஞ்சுவது கூட்டல் குறி. அதன் நான்கு முனைகளுக்கும் மூன்றே துணை. இரண்டாம் சுற்றில் அவையும் போகும். நடுவில் நிற்கும் ஒன்று மூன்றாம் சுற்றில் மறையும். இப்போது கணக்குப் போடு: அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியை அங்குலத்துக்கு 150 பிக்சலில் ஸ்கேன் செய்தால் அது மூன்று பிக்சல்தான். நீ அழித்தது அழுக்கு மட்டுமல்ல, மெய்யெழுத்தின் புள்ளியும்தான்! “பல் வலி” “பல வலி” ஆகிவிடும். பக்கம் பளிச்சென்றிருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. எ, ஒ குறிலுக்கும் அன்று புள்ளி உண்டு. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய காலத்தில் ஏடு படிப்பவர், இது உயிர்மெய்யா மெய்யா என்று சொல்லுக்குச் சொல் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அச்சுதான் புள்ளியை வரிக்கு வரி நிலைநிறுத்தியது. அந்த வரலாறு தெரிந்தவன் ஒரு பொட்டை அழிக்கக் கை தயங்குவான். ஆங்கிலப் பக்கத்தில் சிற்றெழுத்து ஐ, ஜே தலையிலுள்ள புள்ளி போனாலும் சொல்லைப் படித்துவிடலாம். அந்த அளவுகோலை வைத்து நம் பக்கத்தைத் துடைப்பது தவறு, தம்பி. ஆய்த எழுத்து முழுவதுமே புள்ளிகள் அல்லவா?

கிள்ளானில் ஒரு பெரியவர் வைத்திருந்த பழைய ஆண்டுமலர்களை நானும் முன்பு இப்படித் துடைத்து, மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த பிறகே பிழை தெரிந்தது. மறுபடி போனபோது தாள்கள் இல்லை, கறையான். 1924இல் தொடங்கிய மலேசியத் தமிழ் நாளிதழ் தமிழ் நேசனே 2019இல் நின்றுவிட்டது. இங்கே அச்சான பழைய தாள்களுக்கு இனி மறுபதிப்பு வராது. ஈரக்காற்றில் பழுப்புப் பொட்டு விழுந்த பிரதிகளே மிச்சம்.

ஆகவே சாம்பல் நிறத்தில், அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய். அப்போது அதே புள்ளி பன்னிரண்டு பிக்சல் அகலம் இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கும் வரம்பை முதலில் சரிசெய். பாதிக் கறை அங்கேயே போய்விடும். பிறகு அந்த அச்செழுத்தின் மிகச் சிறிய புள்ளியை அளந்து, அதைவிட மிகச் சிறியவற்றை மட்டும் நீக்கு. இமேஜ்மேஜிக்கில் ஒட்டிய பிக்சல் தொகுதியின் பரப்பைக் கொண்டு வடிகட்டும் வழி இருக்கிறது; அது அண்டை எண்ணுவதைவிட இதற்கு ஏற்றது. பிபிஎம்கிளீன்தான் வேண்டுமென்றால் 1, அதுவும் ஒரே சுற்று. 3 கொடுத்தாலே ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு முழுவதும் ஒரே சுற்றில் அழிந்துவிடும்.

உன் தாத்தாவின் இதழ்களில் முதல் பக்கத்தை மட்டும், எதையும் துடைக்காமல் எனக்கு அனுப்பு. புள்ளியை அளந்து எண்ணை நான் சொல்கிறேன். அதுவரை மற்றவற்றில் கை வைக்காதே.