வீட்டுக் கொல்லையில் இனிப்பு மக்காச்சோளம்

பிறநாட்டுச் செடிகளைப் பரீட்சித்து வளர்ப்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. 1826-ம் வருஷம் பிரெஞ்சுக்காரர் நிறுவிய தாவரவியல் தோட்டம் இன்றும் நகரில் உள்ளது. ஆயினும், கொல்லையில் இனிப்பு மக்காச்சோளம் வைப்போர் பலர் வேலியோரமாக ஒரே வரிசையில் விதைத்துவிட்டு, கதிரில் மணிகள் பொக்கைப்பல் போல் இருப்பது கண்டு விதையைக் குறை கூறுகின்றனர். விதையின்மேல் குற்றமில்லை. உச்சிப் பூவின் மகரந்தத்தைக் காற்றுக் கொணர்ந்து கதிரின் பட்டிழைமேல் சேர்த்தாலன்றி, அவ்விழைக்குரிய மணி பிடியாது. ஆகையால் வரிக்கு வரி 2 அடியும் செடிக்குச் செடி 8 முதல் 10 அங்குலமும் விட்டு, நான்கு வரிகளுக்குக் குறையாமல் சதுரப் பாத்தியாக விதைத்தல் வேண்டும். அண்டையில் சாதாரண மக்காச்சோளம் அதே சமயம் பூக்குமாயின் மணிகள் மாவுத்தன்மையடைந்து இனிப்புக் குன்றும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கும் கொல்லைக்குத் தை மாத விதைப்பே உசிதம். 2018 முதல் இந்தியாவில் பரவியுள்ள படைப்புழு குருத்தைத் தின்னுமாதலால், இலைகளில் முட்டைக் குவியலைத் தேடி நசுக்குதல் அவசியம்.

பட்டிழை தோன்றிச் சுமார் 20 நாளில், மணியை நகத்தாற் கீறப் பால் வரும் பருவத்தில் கதிரை ஒடிக்கலாம். ஒடித்தது முதல் சர்க்கரை குறையத் தொடங்கும். வெயிலில் அது வெகு விரைவு. கடைச்சரக்கு கொல்லைக்கதிருக்கு ஈடாகாமைக்குக் காரணம் இதுவே. அடுப்பில் தண்ணீர் வைத்த பின்னரே கதிரொடிக்கச் செல்வது நலம்; ஐந்து நிமிஷ வேக்காடு போதும்.