‘ஐ’ உருபும் ‘இல்’ உருபும்: 152ஆவது விதியை வாசித்தல்

வேற்றுமை உருபு என்றதும் நம்மில் பலருக்கு யு.பி.எஸ்.ஆர். தமிழ்மொழித் தாள்தான் நினைவுக்கு வரும். மதிப்பெண்ணுக்காக மனனம் செய்தோம்; இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் மறந்துவிட்டோம். ஆனால், ஓர் உருபின் அளவே உள்ள வேறுபாடு தாய்மொழிக் கல்வி தொடர்பான வழக்குகளில் பெரும் பங்கு வகித்துள்ளது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. அத்துடன் இரண்டு காப்புரைகளையும் தருகிறது. ஒன்று, பிற மொழிகளை அதிகாரப்பூர்வ நோக்கமல்லாதவற்றுக்குப் பயன்படுத்துவதையோ, அம்மொழிகளைக் கற்பதையோ கற்பிப்பதையோ தடுக்கலாகாது. மற்றொன்று, பிற சமூகங்களுடைய மொழிகளின் பயன்பாட்டையும் கல்வியையும் பேணி நிலைநிறுத்த மத்திய, மாநில அரசுகளுக்குள்ள உரிமை பாதிக்கப்படாது.

சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்திற்கு அனுமதி மறுக்கப்பட்டபோது வழக்கு எழுந்தது. 1981இல் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 1982இல் கூட்டரசு நீதிமன்றமும் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதனையே உறுதிப்படுத்தியது. அப்பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பாகும். ஆகவே அங்குப் பயிற்றுமொழி என்பது அதிகாரப்பூர்வப் பயன்பாடு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். மேலும், விதி காப்பது பிற மொழியைக் கற்பிப்பதை. பிற மொழியில் கற்பிப்பதை அன்று என்றும் கூறினர். ஆங்கில மூலத்தில் ‘இன்’ என்னும் சிறு சொல் அவ்விடத்தில் இல்லை.

தமிழ் இலக்கணப்படி பார்த்தால் இது இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாடு. இவ்விரண்டு நிலைகளிலும் நான் படித்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் கணிதத்தையும் நன்னெறியையும் தமிழில் கற்றேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் தமிழைக் கற்றேன். ‘ஐ’ மட்டும் போதுமென்றால் பின்னதே போதும். தமிழ்ப்பள்ளி தேவையில்லை என்றாகிவிடும்.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகள் செல்லாதவை என அறிவிக்கக் கோரி 2019இல் சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தபோது இக்கேள்வி நம் வாசலுக்கே வந்தது. 2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல. எனவே அங்குத் தமிழையும் சீனத்தையும் பயன்படுத்துவது அதிகாரப்பூர்வ நோக்கத்திற்கானதன்று என்பது அதன் முடிவு. 2022 மே மாதத்தில் கோத்தா பாரு உயர்நீதிமன்றமும் இதேபோன்ற வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பர் 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்புகளை நிலைநிறுத்தியது.

தீர்ப்பு வந்ததும் நாம் மகிழ்ந்தோம், மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் இரண்டாவது காப்புரையை மீண்டும் வாசியுங்கள். இங்கு ஆறாம் வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். அது யாருடைய உரிமை? அரசாங்கத்தினுடைய உரிமை. தாய்மொழிக் கல்வியைப் பேணிக்காக்க அரசாங்கத்திற்குத் தடையில்லை என்று அவ்வரி சொல்கிறது; பேணியே ஆக வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. என் வாசிப்பில், தமிழ்ப்பள்ளிகள் சட்டப்படி செல்லும் என்பது ஒன்று. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தொடர்ந்து இயங்கும் என்பது வேறொன்று. பின்னது அரசாங்கக் கொள்கையையும், பிள்ளைகளை முதலாம் ஆண்டில் பதியும் பெற்றோரையும் பொறுத்தது. அந்தப் பெற்றோர் இன்னும் சில ஆண்டுகளில் நாமாகத்தான் இருப்போம்.

எனவே நண்பர்களே, இத்தகைய தீர்ப்புகளைப் புலனச் செய்தியின் தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். சட்டம் பயில்வோர் மட்டுமே தீர்ப்பை வாசிக்க வேண்டும் என்பதில்லை. 152ஆவது விதியின் முதல் உட்பிரிவு அரைப் பக்கம்கூட இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் அதனைப் படித்து, தமிழில் எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு எந்த உருபைச் சேர்ப்பது என்று தயங்கும் இடம் வரும். வழக்குரைஞர்கள் வாதிட்டதும் அந்த இடத்தைப் பற்றித்தான்.