அரை ஷிப்டுக் கூலி

2020ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவர் 61 பேருக்குக் கைப்பேசி வழியாகக் கணிதத் தேர்வு நடத்தப் புகுந்து, கால் மணி நேரத்துக்குள் அதைக் கைவிட நேர்ந்த ஆசிரியன் நான். மின்வழிக் கற்பித்தலைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவை யாவும் அந்தக் கால் மணி நேரத்திலிருந்தே பிறந்தவை ஆதலால், சக ஆசிரியர்களுக்கு அதையே விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கும் நிட்டிங் ஷெட்டுகளுக்கும் நடுவே அமைந்த, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அப்போது எனக்கு இருபத்தேழு வருஷ அனுபவம். கரும்பலகையில் பயமே அறியாத எனக்குக் கணினியின்மேல் ஏற்பட்ட பயம் வயதினால் வந்ததன்று. அதற்கு ஒரு காரணமும் ஒரு தேதியும் உண்டு. 2018ஆம் வருஷம் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்து, அவற்றின் பக்கங்களில் கியூ.ஆர். கோடுகள் அச்சாகியிருந்த சமயத்தில், அவற்றைப் பயன்படுத்துவது எப்படி என்று கற்பிக்க நடந்த ஒரு வகுப்புக்குச் சென்றிருந்தேன். என் முறை வந்து நான் மவுஸை எடுத்து, திரையில் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் மகன் வயதுடைய கருத்தாளர், "விடுங்க சார், நேரமாவுது, நானே போட்டுக் காட்டறேன்" என்று என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நாற்பது பேர் முன்னிலையில் ஓர் ஆசிரியனின் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொள்வது எத்தகைய காரியம் என்பதை அவர் அன்று அறியவில்லை. இதைப் படிக்க நேர்ந்தால் இன்றாவது அறியட்டும். அன்று முதல் இரண்டு வருஷ காலம், மாணவர்களின் புத்தகத்தில் தினமும் என் கண்ணில் பட்ட அந்தக் கறுப்புச் சதுரங்களில் ஒன்றின்மேல்கூட நான் கைப்பேசியைப் பிடித்ததில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். கொரோனாவினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கோடையில் ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன. எங்கள் பள்ளியில் சான்றிதழ்களை எண்ணிக் கணக்கு வைக்கும் வழக்கமும் அப்போது ஆரம்பமாயிற்று. அத்தகைய பயிற்சி ஒன்றில் நானும் பெயரைப் பதிவு செய்துகொண்டு, முதல் பகுதியைத் திறந்து, மூன்றாம் நிமிஷத்தில் பழைய அவமானம் நெஞ்சில் எழ, இளைய ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு, "தம்பி, என் பேரில் இதை நீங்களே முடித்துக் கொடுங்கள்" என்று என் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டே மாலைகளில் முடித்தார். நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணோடு என் பெயர் பொறித்த சான்றிதழ் வந்தது. அதைக் கண்ட தலைமையாசிரியர் மனமார மகிழ்ந்து, பத்தாம் வகுப்பின் இணையத் தேர்வுகள் முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். உண்மையைச் சொல்ல அப்போதும் அவகாசம் இருந்தது, நான் சொல்லவில்லை. வேறு தவறுகள் பல செய்திருக்கிறேன். அவை ஒவ்வொன்றும் ஒரு நாளில் திருத்தக்கூடியவையாக இருந்தன. கையால் தொடாத வேலைக்குக் கைநீட்டிச் சான்று வாங்கிய இந்தத் தவறுக்கு மட்டும் என்னால் இன்றுவரை ஈடு செய்ய முடியவில்லை.

கூகுள் படிவத்தில் இருபது வினாக்களைத் தயாரித்தேன். மாணவர்களுக்கு அனுப்ப வேண்டிய சுட்டியை, அனுப்புவதற்கென்றே உள்ள பொத்தானை அழுத்திப் பெறவேண்டும். நானோ திரையின் மேலே முகவரிப் பட்டையில் கண்டதைப் பிரதி செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது படிவத்தைத் திருத்துகிறவர்களுக்கான வாசல். அதைத் தொட்ட மாணவர்களுக்குத் திரை திறக்கவில்லை. அனுமதி கேட்கும் கடிதங்கள் என் மின்னஞ்சலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. தேர்வு எழுதத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பதற்றத்தோடு அனுமதி அளித்தேன். அளித்த கணமே அவர்கள் அனைவரும் வினாத்தாளைத் திருத்தும் அதிகாரம் பெற்றவர்களாக உள்ளே வந்தார்கள். விடைகள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. யாரோ ஒரு பிள்ளையின் விரல் பட்டு நான்காம் வினா மறைந்தது, பிறகு ஏழாவது, பிறகு தலைப்பே மாறிற்று. என்ன நடக்கிறது என்பதே எனக்கு விளங்காத நிலையில், தேர்வு ரத்து என்று குழுவில் எழுதிவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இதில் நஷ்டம் என் கௌரவத்துக்கு மட்டும் என்றால் நான் இதை எழுத வந்திருக்கமாட்டேன். எங்கள் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசிதான் உண்டு. அது தகப்பனாரோடு காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய்விடும். தேர்வு முற்பகலில் என்று நான் அறிவித்துவிட்டதால், கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுப்பதற்காகவே பதினெட்டு வீடுகளில் தாயோ தகப்பனோ அரை ஷிப்டு வேலையை விட்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஊரடங்கில் பல வாரங்கள் மெஷின் ஓடாமல் கடன்பட்டுப் போயிருந்த குடும்பங்கள் அவை. அந்த எண்ணிக்கையை நான் பின்னர் வீடு வீடாகச் சென்று விசாரித்து அறிந்தேன்.

அப்படிச் சென்ற வீடுகளில் ஒன்றில், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லரான ஒரு தகப்பனாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "இதுக்கு எதுக்குங்க சார் ஊடு தேடி வரோணும்?" என்று பாயை விரித்தார். பிறகு சற்று யோசித்து, "நான் பேட்லாக் கத்துக்கறதுக்கு ரெண்டு வருசம் டெய்லருக்கு ஒத்தாசையா, கைமடியா நின்னேனுங்க. டெய்லரு டீ குடிக்கப் போற நேரம் பாத்து வேஸ்ட் துணியப் போட்டு ஓட்டிப் பழகுவேன். பழகாம நல்ல பீசுல கை வெச்சா மாஸ்டர் உடுவாருங்களா? உங்களுக்கு வேஸ்ட் துணி ஆருமே குடுக்கலீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலறிஞர், தன்னால் ஒரு காரியம் இயலும் என்னும் நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து 1977இல் எழுதியதில், தானே செய்து முடித்த அனுபவத்தையே அதன் மிக வலிய ஊற்றாகக் கூறினார். பிறர் செய்வதைப் பார்த்தலும், பிறர் ஊக்குவிக்கும் சொல்லும் அதற்கு அடுத்தபடிதான். நான் சென்ற பயிற்சிகளோ பிறர் செய்வதைப் பார்ப்பதில் ஆரம்பித்து, கைதட்டலில் முடிந்தன. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட ஆசிரியர் தொழில்நுட்பத் திறன் வரையறையும் அறிவைப் பெறுதல், அதை ஆழப்படுத்துதல், புதிதாகப் படைத்தல் என மூன்று படிகளையே வகுக்கிறது. முதல் படியில் கால் ஊன்றாதவனை மூன்றாம் படியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே வேஸ்ட் துணியை நானே தேடிக்கொண்டேன். கணினி அறிந்தவர் ஒருவர், என்னைப் போன்றவர் ஒருவர், என்னைவிடப் பயந்தவர் ஒருவர் ஆக மூன்று சக ஆசிரியர்களோடு, மாணவர் எவரும் இல்லாத வெறும் கூகுள் மீட் அறை ஒன்றைத் திறந்து, வாரத்தில் மூன்று இரவுகள் அதில் தவறுகளையே செய்து பார்த்தோம். மைக்கை அணைத்தோம், திரையைப் பகிர்ந்தோம், ஒருவரையொருவர் வெளியேற்றினோம், வேண்டுமென்றே தவறான சுட்டியை அனுப்பி என்ன ஆகிறதென்று கவனித்தோம். கற்றுத்தருகிறவர் பிறருடைய கருவியைத் தொடக்கூடாது, வாயால் மட்டுமே சொல்லவேண்டும் என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. மிகவும் பயந்த அந்த அம்மையாரைப் போன்ற ஒருவரை நீங்களும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் இல்லாமலிரார். அவருக்கு விளக்கிச் சொல்லப் புகும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது நமக்கே தெரியவரும்.

சுட்டி அனுப்பும் விஷயத்தில், நம் ஊர்க் கம்பெனிகளில் சாம்பிள் பீஸ் ஓகே ஆகாமல் எவரும் கட்டிங் போடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். எந்தப் படிவமானாலும் முதலில் என் மனைவியின் கைப்பேசிக்கு அனுப்பி, அதை மாணவனாக நின்று நானே திறந்து, எழுதி, சமர்ப்பித்துப் பார்த்த பிறகுதான் குழுவில் இடுகிறேன். இதற்கு நான்கு நிமிஷம் ஆகும்.

இன்னொரு விஷயத்தில் நான் செய்தது சரியே என்று இன்றும் சாதிக்கிறேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு காலை நேர நேரலை வகுப்புகளை நான் நிறுத்திவிட்டேன். ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குமேல் தகப்பனார் கைப்பேசியோடு வீடு திரும்பும் வேளையில் போய்ச் சேரும்படியாக, ஐந்து நிமிஷத்துக்கு மிகாத பாடங்களை அனுப்பினேன். இரண்டு நூல் கோன்களை மேசைமேல் நிறுத்தி, குறுக்கே மர ஸ்கேலைக் கட்டி, அதில் கைப்பேசியைக் குப்புறப் பொருத்தி, கீழே தாளில் நான் கணக்குப் போடும் கையை மட்டும் படம் பிடித்தேன். செலவு ஒரு ரூபாயும் இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் அன்று கண்ட பாடத்தில் எழும் சந்தேகங்களுக்கு, மாணவரின் பெயரைச் சொல்லிக் குரல் பதிவாகவே பதில் தந்தேன். நேரலைக்கு அஞ்சி நழுவுகிறார் என்று ஆசிரியர் அறையில் சிலர் அபிப்பிராயம் சொன்னதை அறிவேன். அவர்களுடைய காலை பத்து மணி வகுப்பில் பதினோரு பேருக்குமேல் இருந்ததில்லை. என் இரவுப் பாடத்தை 50 பேருக்குக் குறையாமல் கேட்டார்கள்.

பிற சில்லறை விஷயங்களை, கோப்பின் அளவைக் குறைத்தல், படிவத்தில் பெயரைக் கட்டாயமாக்குதல் முதலியவற்றை, எவரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு பருவத்துக்கு ஒரு கருவிக்குமேல் தொடாதீர்கள் என்பதை மட்டும் வற்புறுத்துவேன்.

2021ஆம் வருஷம் உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சி திக்‌ஷா தளத்தில் வந்தபோது, அதன் 13 பகுதிகளையும் நானே திறந்து, நானே படித்து, நானே விடையளித்தேன். இளையவர்கள் விரைவில் முடித்ததற்கு எனக்கு நெடுநாள் பிடித்தது. சில பகுதிகளில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. 2020இல் வாங்கிய அந்த நூற்றுக்கு நூறு சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லி என் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

பயிற்சி நடத்துகிறவர்களை நான் வேண்டுவது, வந்திருக்கும் ஆசிரியரின் கையிலுள்ள மவுஸ் எவ்வளவு நேரம் தடுமாறினாலும் அது அவர் கையிலேயே இருக்கட்டும் என்பதுதான். எங்கள் பள்ளியில் புதன்கிழமைதோறும் மாலை நாலே முக்காலுக்கு, ஒரு மேசையும் ஒரு மடிக்கணினியும் தவறு செய்து பழகுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஏழு பேர் தவறாமல் வருகிறார்கள். எவருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. உங்கள் பள்ளியில் அத்தகைய மேசை இல்லையென்றால், இந்த வாரமே ஒன்றைப் போடுங்கள்.