அளந்து வாங்குவோம் கணிப்பொறி

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. கணிப்பொறிக் கடைக்குள் நுழையும் எவரும் இதை மனத்தில் இருத்த வேண்டும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பல வீடுகளுக்குக் கணிப்பொறி முதன்முதலாக வந்தது. அதில் பாடம் படிக்கலாம், படம் பார்க்கலாம். ஆனால் இக்காலத்து விளையாட்டுகளுக்கு அதன் வலிமை போதாது. எனவே, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக் கணிப்பொறி அமைக்கும் ஆசை நம் தோழியரிடமும் அவர்தம் உடன்பிறந்தாரிடமும் வளர்ந்து வருகிறது.

ஆசை தவறன்று. ஆயின், கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் குடும்பத்தில் கைநிறையப் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறைதான். அதில் நமக்கென ஒதுக்கும் நாற்பதாயிரம் ரூபாய் தவறான பொருளுக்குப் போய்விட்டால், அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்று ஆராய்வோம்.

முதற்கேள்வி

"எந்தக் கணிப்பொறி நல்லது?" என்று கேட்பதற்கு முன், "எந்த விளையாட்டை ஆடப் போகிறோம்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சதுரங்கம் ஆட எந்தக் கணிப்பொறியும் போதும். 2011இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராஃப்ட் போன்றவற்றிற்கு நடுத்தரப் பொறி போதும். 2021இல் வந்த ஃபோர்சா ஹொரைசன் 5 என்னும் கார்ப் பந்தய விளையாட்டிற்கோ 110 ஜி.பி. சேமிப்பு இடமும், தனிக் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஒவ்வொரு விளையாட்டிற்கும் அதை உருவாக்கியவர்களே குறைந்தபட்சத் தேவையை வெளியிடுகிறார்கள். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை.

குறுகும் சாலை

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை நான்கு வழியாக இருந்தும், ஊர்ப் புறவழிகளில் நீண்ட காலம் இரு வழியாகச் சுருங்கியே கிடந்தது. அவ்விடங்களில் எவ்வளவு வேகமான வண்டியும் தவழ வேண்டியதாயிற்று. கணிப்பொறியும் அப்படித்தான். அதன் வேகத்தை முடிவு செய்வது மிகவும் குறுகலான உறுப்பே. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டை வாங்கி, பழைய பிராசசருடன் பூட்டினால் கார்டின் திறமை வீணாகும்.

மானிட்டரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36,86,400 புள்ளிகள். பெரிய திரை வாங்கினால் ஒவ்வொரு படத்திற்கும் பொறி அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். குறைந்த பணத்தில் முதல் வகைத் திரையே ஏற்றது.

பிராசசரும் படமும்

சில பிராசசர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதி உண்டு. 2021இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி அத்தகையது. ஆறு உள்ளகங்கள் கொண்ட இதற்குத் தனிக் கார்டு இல்லாமலே திரையில் படம் வரும். எளிய விளையாட்டுகள் ஓடும். அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் கார்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதற்குள் படம் வரையும் பகுதி இல்லை என்று பொருள். விலை குறைவு என்று அதை மட்டும் வாங்கி வந்தால், கார்டு வாங்கும் வரை திரை இருண்டே இருக்கும்.

ரேம்

உள்ளிருக்கும் படப்பகுதி, தனக்கு வேண்டிய நினைவகத்தை ரேமிலிருந்தே கடன் பெறுகிறது. ஆகவே 16 ஜி.பி. ரேமை ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குவது மேல். ஒரு கிணற்றில் ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வாளி இறைப்பதைப் போன்றது இது. டி.டி.ஆர்.4 3200 வகையில் ஒரு துண்டு வழியே நொடிக்கு 25.6 ஜி.பி. செய்தி செல்லும், இரண்டு வழியே 51.2 ஜி.பி. செல்லும்.

சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கைவிட மிக விரைவாக விளையாட்டு திறக்கும். ஆனால் ஆட்டத்தின்போது படங்கள் ஓடும் வேகத்தை அது பெரிதாகக் கூட்டாது.

கண்ணுக்குத் தெரியாத காவலன்

பணம் குறையும்போது பலரும் முதலில் கைவைப்பது எஸ்.எம்.பி.எஸ். மீதுதான். இது பெருந்தவறு. வெள்ளிமலை போன்ற மலையூர்களில் காற்றும் மழையுமான நாள்களில் மின்சாரம் போய்ப் போய் வரும். தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதானால், தன்னோடு மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக் கூடும். தேவையைக் கணக்கிடுவது எளிது. பிராசசருக்கு 65 வாட், ஆர்.எக்ஸ். 6600 போன்ற கார்டுக்கு 132 வாட், மற்றவற்றிற்கு ஏறக்குறைய 60 வாட். மொத்தம் 257 வாட். நல்ல நிறுவனத்தின் 450 வாட் போதும். மிச்சப்படுத்த வேண்டுமானால் வண்ண விளக்குகளிலும் கண்ணாடிக் கேபினெட்டிலும் மிச்சப்படுத்தலாம். விளக்கு எரிவதால் வேகம் கூடுவதில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவாயினும் நம்மூர்க் கடையாயினும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. பிராசசரின் முழு எண் என்ன? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் "ஐ5" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கினார்கள். வீட்டிற்கு வந்த பின்புதான் அது 2011ஆம் ஆண்டின் ஐ5 2400 என்று தெரிந்தது. ஐ5 என்ற பெயர் 2009 முதல் வழங்கி வருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அவ்வளவு பழைய பிராசசரை முறைப்படி ஏற்பதில்லை.

2. சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா? 34,000 ரூபாய் என்று சொல்லி, 18 விழுக்காடு வரியைப் பின்னர் சேர்த்தால் 40,120 ரூபாய் ஆகிவிடும்.

3. இது இன்றைய விலையா? 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. பழைய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிடுதல் கூடாது.

4. பழைய கார்டானால் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுவார்களா? எதீரியம் நாணயச் சுரங்கம் 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபின், இரவும் பகலும் உழைத்த கார்டுகள் பல சந்தைக்கு வந்தன.

5. ஒவ்வோர் உறுப்பிற்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம்? ரசீதில் எழுதித் தருவார்களா?

முடிவுரை

தோழியரே! நாற்பதாயிரம் ரூபாயில் எல்லாம் கிடைக்காது. ஆனால் வளரக்கூடிய ஒரு கணிப்பொறி கிடைக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்., படப்பகுதி உள்ள பிராசசர், இரண்டு துண்டு ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றை முதலாண்டு வாங்குவோம். கார்டை அடுத்த அறுவடைக்கு விடுவோம். அண்ணன் தம்பியர் விளையாடும் அதே பொறியில்தான் நாம் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலும் பயிலப் போகிறோம். ஆகவே கடைக்குப் போகும்போது நாமும் உடன் செல்வோம். பட்டியல் எழுதிய தாள் நம் கையில் இருக்கட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கமே அழகு!