எலி மருந்து தின்ற கால்நடைக்கு இரத்தம் உறையாதது ஏன்?

மணவூர், திருவாலங்காடு பக்கத்தில் நெல் வயல் வரப்புகளில் எலி மருந்து வைப்பது வழக்கம். அதை எலி மட்டுமே தின்னும் என்று சொல்வதற்கில்லை. அவிழ்த்துவிட்ட ஆடு, கன்று, மட்டக்குதிரை எதுவும் வாய் வைத்துவிடலாம்.

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. இதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்து மீண்டும் எடுத்துக்கொள்ளும். புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இந்தப் புதுப்பித்தலைத் தடுக்கின்றன. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதம் தீரும் வரை கால்நடை நன்றாகவே மேயும். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கோளாறு தெரியும். அதற்குள் எலி மருந்து வைத்ததே நமக்கு மறந்து போயிருக்கும்!

இந்த மருந்து பிறந்ததே மாட்டுக் கொட்டகையில்தான். 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடேரியையும் பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் விஞ்ஞானி கார்ல் லிங்க்கிடம் கொண்டுவந்தார். பூஞ்சணம் பிடித்த தீவனமே காரணம். அதிலிருந்த பொருளை ஆராய்ந்ததன் பலனாக, 1948-இல் வார்பரின் எலி மருந்தாக வந்தது.

பின்னர் இங்கிலாந்தில் குதிரைக் குளம்பு நோய்க்கும் வார்பரின் கொடுத்தார்கள். வலிக்குத் தரும் பினைல்பியூட்டசோனும் சேர்ந்தால் வார்பரினின் வேகம் கூடி, இரத்தக் கசிவு உண்டாகும். ஆகவே எலி மருந்து தின்ற சந்தேகம் இருந்தால், நொண்டுகிறதே என்று வலி மருந்து போடக் கூடாது. மூட்டுக்குள் இரத்தம் கட்டினாலும் கால்நடை நொண்டும்.

ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கறுத்த சாணம், உண்ணி கடித்த இடத்தில் நிற்காத கசிவு, தாடைக்குக் கீழோ மார்பிலோ திடீர் வீக்கம் ஆகியவற்றைக் கவனிக்கவும். வீக்கத்தைக் கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. காயடித்தலையும் கொம்பு நீக்குவதையும் தள்ளிப் போடவும். ஓட்டாமல், அடிபடாமல் கட்டிவைத்து மருத்துவரை அழைத்து வரவும்.

மாற்று மருந்து வைட்டமின் கே-1. புரோமாடியோலோன் உடலில் நெடுநாள் தங்குவதால் வாரக்கணக்கில் கொடுக்க நேரிடும். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். விலை குறைவு என்று கே-3 ஊசியைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். இந்த விஷத்துக்கு அது உதவாது. குதிரைக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

மருந்து வந்த உறையை எறியாமல் மருத்துவரிடம் காட்டவும். எலிக்கு வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு வேறு வகை விஷம். அது சில மணி நேரத்திலேயே வேலை செய்யும்; அதற்குக் கே-1 மாற்று மருந்தல்ல.